கொஞ்சம் கொஞ்சமாகவா, திடீரென்றா

மனநல ஆஸ்பத்திரியில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளிகளின் அங்கி, தலையணை உறை, நர்ஸம்மாவின் ரவிக்கை வரைக்கும் அவள் தைத்ததுதான். அப்படிப்பட்டவள் ஏன் பின்கட்டிடத்தில் கிடந்தாள் என்று கேட்டால், எல்லாம் ஒரு பேச்சால் வந்த வினை.

கைக்குழந்தை காய்ச்சலில் போன நாலாம் நாள் அவளுக்குப் புத்தி தடுமாறியது. வெறும் தொட்டிலை ஆட்டினாள், தடுத்தவர்களைக் கடித்தாள். புருஷன் இழுத்துக்கொண்டு வந்தான். அப்போதிருந்த பெரிய டாக்டரிடம் ஒரு கணக்கு இருந்தது. திடீரென்று வந்த பைத்தியம் தெளியும், மெல்ல மெல்ல வந்தது தெளியவே தெளியாது. தெளிகிறவர்களுக்கு முன்கட்டிடம், வைத்தியம். மற்றவர்களுக்குப் பின்கட்டிடம், வேளாவேளைக்குச் சோறு.

"கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சா, திடீர்னு வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

புருஷன் கெட்டவன் இல்லை, தொடைநடுங்கி. திடீரென்று வந்தது என்று சொன்னால், வீட்டில் என்ன செய்தாய், அடித்தாயா என்று குடைவார்களோ என்று அவனுக்கு உதறல்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் சார். கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும்போல."

தீர்ந்தது கதை.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்குத் தெளிந்துவிட்டது. செத்த குழந்தைக்காக அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். வீட்டில் விட்டு வந்த மூத்த மகளின் நினைவு வந்தது. "எனக்குச் சரியாயிடுச்சு, என் பொண்ணுகிட்ட அனுப்புங்க" என்று ஆயாவிடம் கெஞ்சினாள். "இங்க யாருக்குத்தான் சரியாகல?" என்று ஆயா சிரித்தாள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? டாக்டர் காலடியே அந்தப் பக்கம் படாது. தெளியாதவர்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது!

அடுத்து வந்த டாக்டர் உடம்பைப் பார்த்துச் சொல்கிறவர். பூசினாற்போல் இருப்பவர்கள் பிழைப்பார்கள், ஒல்லிகள் தேறமாட்டார்கள். அந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தின்று எவள் பூசினாற்போல் இருப்பாள்? ஊசியக்காவை வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வருஷங்கள் ஓடின. புருஷன் செத்த பிறகு ஒருநாள் மகள் வந்தாள். ஆளே வளர்ந்து, ஒரு குழந்தைக்குத் தாயாகியிருந்தாள்.

"அம்மா, என்கூட வந்துடு. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

ஊசியக்கா முகம் கழுவி, தலை வாரி, மகள் பின்னாலேயே போனாள். அழக்கூடாது, சத்தமாகச் சிரிக்கவும் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போதிருந்த டாக்டர் இளவட்டம், தன்மையானவர். மார்க் போட்டுச் சொல்கிறவர். நோய் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது என்று பழைய சீட்டில் இருந்தது, மார்க் இல்லை. புருஷன் இல்லை, அதற்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் இருந்ததற்கு, மிச்ச மார்க்கிலும் கழித்தார்.

"திடீர்னுதான் சார் வந்துச்சு. குழந்தை செத்த நாலாம் நாளு."

"இதுல உங்க பேச்சை எடுத்துக்க முடியாதும்மா. வீட்டுக்காரங்கதான் சொல்லணும்."

டாக்டர் மகளைப் பார்த்தார்.

"எனக்கு அப்ப நாலு வயசு சார். ஒண்ணும் ஞாபகமில்ல."

"நீங்களே அடைச்சு வெச்சுட்டு, உள்ள இருந்தேன்னு கழிக்கிறீங்களே, இது நியாயமா?" என்றாள் ஊசியக்கா, குரலை உயர்த்தாமல்.

டாக்டருக்கே சங்கடமாகப் போய்விட்டது. "நான் தடுக்கலம்மா," என்று மகளிடம் சொன்னார். "ஆனா இவ்வளவு காலம் உள்ள இருந்தவங்க முக்காவாசிப் பேர் திரும்பி வந்துடறாங்க. அப்புறம் உங்க பொறுப்பு."

"வீட்ல கைக்குழந்தை இருக்கு சார்," என்றாள் மகள். பிறகு அம்மாவைப் பார்க்காமல், "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று எழுந்தாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஊசியக்காவுக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. மகளின் கையைப் பிடித்தாள், விடவில்லை. தரையில் விழுந்து, காலைக் கட்டிக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போகாதடி" என்று அலறினாள். ஆயாக்கள் இரண்டு பேர் ஓடிவந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தூக்கிப்போனார்கள்.

மகள் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல வேளை, சொன்னீங்க டாக்டர்."