வெடிக்கு அசையாத பிள்ளை

நான் வாக்கப்பட்டு வந்தது கோவில்பட்டியில் பட்டாசுத் தொழில் செய்யும் வீட்டுக்கு. புதிதாகச் செய்த வெடியில் நாலைந்தை எடுத்துவந்து, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கரிசல் பொட்டலில் கொளுத்திப் பார்ப்பது என் மாமனாரின் பழக்கம். தெரு நாய்கள் தலைதெறிக்க ஓடும். தொட்டிலில் தூங்கும் என் மகன் மட்டும் அசைய மாட்டான்.

மாமனாருக்குப் பெருமை பிடிபடாது. "ரத்தம் பேசுதுல்லா. வெடிக்காரன் வீட்டுப் பிள்ள வெடிக்குப் பயப்படுமா?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். அவர்களும் ஆமாம் சாமி போட்டுவிட்டுப் போவார்கள்.

பிள்ளை வளர்த்தியைக் கவனிப்பதில் அந்த வீட்டைக் குறை சொல்ல முடியாது. குப்புற விழுந்ததற்குக் கொழுக்கட்டை, பல் முளைத்ததற்கு இன்னொரு கொழுக்கட்டை, தவழ்ந்து வாசற்படி தாண்டியதற்குக் கடம்பூரிலிருந்து போளி. கூப்பிட்டால் திரும்புவதற்கென்று ஒரு பலகாரம் இல்லை. அதனால் அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. தடுப்பூசி போட்ட நர்ஸ், "பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புதானா?" என்று கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் அவன் முதுகுப்பக்கம் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. தட்டைத் தரையில் போட்டேன். திரும்பினான். "பாத்தியா, கேக்குதுல்லா" என்றார் என் வீட்டுக்காரர். தரை அதிர்ந்ததில் திரும்பியிருப்பான் என்று எனக்குச் சந்தேகம். தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரண்டியால் ஓங்கி அடித்தேன். அவன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தான்.

மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்குத பிள்ளைக்கு நோவு தேடாத" என்றார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "வெடி போட்டாப் பிள்ள பயப்படணும் மாமா. பயப்படலன்னாத்தான் நோவு" என்று சொல்லிவிட்டு, மறுநாளே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம், நான் சொன்னது பொய்யாகப் போகட்டும், மாமனார் ஜெயிக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவனைத் தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் மந்தம் என்றார் டாக்டர். மிஷின் வைத்தால் கேட்கும், பழக்கினால் பேச்சும் வரும் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். மிஷின் வைக்கப் போன அன்று, மாமனார் யாரும் கூப்பிடாமலே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மடியில் வைத்துத்தான் மிஷினை மாட்டினார்கள். "பின்னால நின்னு கூப்பிடுங்கம்மா" என்றார் டாக்டர். நான் பெயரைச் சொன்னேன்.

திரும்பினான். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அவனோ உதட்டைப் பிதுக்கி, தாத்தா சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். பெற்றவள் குரல் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருத்தி அவனைக் கூப்பிட்டிருக்கிறாள்.