அம்மாளா, மூட்டையா?

வாசல் கதவில் வேப்பங்குழை தொங்குவதைக் கண்டதும் உதயரூபன் முற்றத்திலேயே நின்றுவிட்டான். பந்தல்காரனிடம் கதிரைகளுக்குச் சொல்லிவிட்டு வர அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கலியாணத்துக்கு இன்னும் மூன்றே நாள். வாழைமரம் கட்ட வேண்டிய இடத்தில் இதை யார் கட்டினார்கள்?

“செருப்ப அங்கயே கழட்டு மனே,” என்றார் அம்மா கேதீஸ்வரி, கோயிலுக்குள் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி. “தங்கச்சிக்கு அம்மாள் வந்திருக்கா.”

மண்டூரில் அம்மை நோயை நோய் என்று சொல்லிவிட முடியாது. வந்திருப்பவள் தாய். அவள் மனம் குளிர்ந்து திரும்பிப் போகும்வரை அந்த வீட்டில் மீன் சமைக்கக் கூடாது, விருந்தாட்கள் வரக் கூடாது, பந்தல் போடக் கூடாது. கலியாணம் அடுத்த நல்ல நாளுக்குத் தள்ளிப் போகும். அடுத்த நல்ல நாள் ஒரு மாதம் கழித்துத்தான். உதயரூபன் கட்டாருக்குத் திரும்ப வேண்டிய விமானமோ வரும் திங்கட்கிழமை.

அவனுக்கு முப்பத்தொரு வயது. வட்டை வயல்வெளியில் அடுத்தவருக்கு உழவு மெஷின் ஓட்டியவன், ஆறு வருடத்துக்கு முன் தோஹாவுக்குப் போய்க் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறான். இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். ஆகவே தங்கை தனுஷியாவுக்கு ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டின் கல்லும் ஓடும் அவன் அனுப்பியவை. போன தை மாதம் அப்பா இறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சாரத்தின் நிழலில் குந்தியிருந்து போனில் பார்த்தான். சவப்பெட்டியை மூடும் நேரத்தில் படம் அப்படியே நின்றுபோனது. படம் திரும்ப வந்தபோது முற்றம் வெறுமையாக இருந்தது. இந்தக் கலியாணத்தில் தங்கையின் கையில் பொரி அள்ளிப் போட வேண்டியவன் அவன். இதையும் போனில் பார்ப்பதா?

“எங்க, காட்டு பாப்பம்,” என்று அறைக்குள் நுழைந்தான்.

தனுஷியா அழுது முகம் வீங்கியிருந்தாள். “கிட்ட வராத அண்ணா, உனக்கும் வந்திடும்.” இடது முழங்கைக்குக் கீழே சிவந்த தடிப்புகள். ஒன்று, இரண்டு, மூன்று, நூல் பிடித்ததுபோல ஒரே வரிசையில். கழுத்திலும் அப்படியே மூன்று.

அவன் வாய் அவனை அறியாமல் முணுமுணுத்தது: “பஸ் ஹோல்ட்!”

“என்ன?”

“காய்ச்சல் இருக்கா? நெஞ்சில, முதுகில ஏதும்? தண்ணி கோத்த கொப்புளம்?”

“ஒண்டுமில்ல. சொறியச் சொறியக் கடிதான் தாங்கேலாம இருக்கு. நேத்து விடிய ரெண்டு, இண்டைக்கு எழும்பினா இவ்வளவு.”

உதயரூபனுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அந்த வரிசையை அவன் ஆறு வருடம் தன் உடம்பில் பார்த்தவன். அதற்குப் பெயர் வைத்தவன், அவனோடு ஒரே அறையில் இருந்த காத்தான்குடி ரிஸ்கான். ‘மூட்டைப்பூச்சி நேரா வந்து கடிச்சிட்டுப் போகாது மச்சான். நம்மட பஸ் மாதிரி, ஒவ்வொரு ஹோல்ட்டிலயும் நிப்பாட்டி நிப்பாட்டித்தான் போகும்.’

வந்த முதல் இரண்டு இரவும் இந்தப் புதுக் கட்டிலில்தான் அவனைப் படுக்க வைத்தார்கள். அவனுடைய பெட்டி இதோ கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அதற்குப் பிறகுதான் தனுஷியாவும் அம்மாவும் இங்கே மாறிப் படுத்தார்கள், சுவரோரம் தனுஷியா.

சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அறையில் இரண்டே பேர், ஏசி, நல்ல மெத்தை என்று அவன் அனுப்பிய படம் இப்போதும் அப்பாவின் படச் சட்டத்து மூலையில் செருகியிருக்கிறது. அது மேற்பார்வையாளருடைய அறை. அப்பா அதை ஊரெல்லாம் காட்டித் திரிந்தார்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. குறுமண்வெளியிலிருந்து மாப்பிள்ளையின் தாய் பூரணம்; அம்மா அவருக்கு ஏற்கெனவே சேதி சொல்லியிருந்தார். கேதீஸ்வரி கேட்டுக் கேட்டு, “ஓம், ஓம்” என்றுவிட்டு வைத்தார். “அவ பதினொரு மணிப் பாதையில ஏறி வாறாவாம். வந்து பாத்திட்டு நாளத் தள்ளுவமாம்.”

பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. ஏறினால் பத்து நிமிடம். மணி இப்போது பத்தே கால்.

“தள்ளத் தேவையில்ல அம்மா! இது அம்மாள் இல்ல. மூட்டைப்பூச்சி.”

கேதீஸ்வரி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “தாயே! டேய், ஆரப் போய் என்ன பேர் சொல்ற? புது வீடு, புதுக் கட்டில், புது மெத்த. எங்கால வரும் மூட்ட?”

“என்ட பெட்டிக்குள்ளால.” கட்டிலுக்குக் கீழே கை காட்டினான். “அந்தப் படம் என்ட அறை இல்லம்மா. நாங்க பன்ரெண்டு பேர். தட்டுத் தட்டாக் கட்டில். எல்லாக் கட்டில்லயும் மூட்ட.”

அம்மா கிட்ட வந்து அவனுடைய சேர்ட்டைப் பின்னால் உயர்த்திப் பார்த்தார். இடுப்புக்கு மேலே சொறிந்து சொறிந்து கறுத்த தழும்புகள்.

“ஆறு வரியமா இதச் சொறிஞ்சிக்கிட்டா இஞ்ச வீடு கட்டின?” அடுத்த நொடி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். “மறுகா என்னத்துக்கு நிக்கிற? பிடிடா அதுகள!”

உதயரூபன் ரிஸ்கானுக்குப் போன் எடுத்தான். அவன் இப்போது காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கிறான்.

“டேய் மச்சான், நீ பாசத்தில கொண்டு போயிட்டியா!” சிரித்து முடிய நேரமெடுத்தது. “முதல்ல ஆள வேற அறைக்கு மாத்தாத, பின்னாலயே வரும். மெத்தத் தையலப் பாரு. கறுப்புப் பேனையால குத்தினாப்போல புள்ளி இருந்தா உறுதி. மண்ணெண்ணெய் ஊத்திப் போடாத, வீடு பத்திக்கும். கொதிதண்ணி, வெயில், அயன். அவ்வளவுதான். தங்கச்சிட்டச் சொல்லு, சொறிய வேணாம். சவுக்காரம் போட்டுக் கழுவி, துணியில ஐஸ் சுத்தி வைக்கட்டும்.”

விரிப்பை உருவினார்கள். போன் வெளிச்சத்தை மெத்தையின் ஓரத் தையலில் பிடித்தான் உதயரூபன். சுவர்ப் பக்கம், தனுஷியா தலை வைத்த இடத்தில், வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்! அம்மா கத்தினார்: “இந்தா! இந்தா ஓடுது!” கட்டார் அடையாள அட்டையைத் தையலுக்குள் விட்டு வழித்தான். எள்ளைவிடப் பெரிதாய், பயறைவிடச் சிறிதாய், தட்டையாகச் செம்மண்ணிறத்தில் ஒன்று விழுந்தது. தனுஷியா நோயை மறந்து ஜாம் போத்தலோடு பாய்ந்து வந்தாள். கட்டில் தலைமாட்டின் ஆணித் துளைக்குள் இரண்டு. பெட்டியை உருட்டும் சில்லுக்குப் பக்கத்து மடிப்பில் ஐந்து.

“இதுதானா அண்ணா கட்டார் சாமான்? ஊருக்கெல்லாம் சென்ற் போத்தல், எனக்கு இதா?” என்றாள் அவள்.

பூரணம் படலையைத் திறந்தபோது முற்றத்தில் தீமூட்டி பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. விரிப்புகள் அதற்குள். மெத்தை நடு வெயிலில். பெட்டி கறுப்புப் பொலித்தீனில் இறுகக் கட்டப்பட்டு வெக்கையில் வேகிறது. வாசலிலோ வேப்பங்குழை.

“என்னகா இது, அம்மாள் வந்த வீடா, யுத்தம் நடக்கிற வீடா?”

உதயரூபன் போத்தலை நீட்டினான். இவர் முகம் சுளித்தால் நாள் போய்விடும். “மாமி, அம்மாள் இல்ல. இதுகள்தான். நான்தான் கொண்டு வந்த. நாளைக்குத் தண்ணிக் கொப்புளம் கண்டா நானே நாளத் தள்ளச் சொல்றன்.”

பூரணம் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போத்தலைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு தனுஷியாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். தடிப்பில் தண்ணீர் இல்லை, நெற்றியில் சூடு இல்லை.

“என்ட மகன் குடிவர முதலே இவங்க குடிவந்திட்டாங்களா?” என்று பெரிதாகச் சிரித்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள இவங்கள எழுப்பிப் போடுங்க. ஒரு வீட்டுக்கு ரெண்டு மாப்பிள்ள சரிவராது.”

கேதீஸ்வரி வேப்பங்குழையை அவிழ்த்து, கண்ணை மூடி நின்றார். “குறை நினைக்காத தாயே, ஆள் மாறிப் போச்சு.” குழையைக் குப்பையில் போடவில்லை. கிணற்றடி வேம்பின் கீழே கொண்டுபோய் வைத்தார்.

மூன்று நாளும் கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளி, நாலு காலையும் சவுக்காரத் தண்ணீர் விட்ட சிரட்டைகளில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு விடியலிலும் தனுஷியாவின் கையை எல்லாரும் சுற்றிநின்று, ரிஸ்கானின் கணக்குப்படி ‘ஹோல்ட்’ எண்ணிப் பார்த்தார்கள். புதன், பழைய தடிப்பு மட்டும். வியாழன், அதுவும் மங்கிவிட்டது. வெள்ளி காலை அந்தக் கை மருதாணியோடு அவனுக்கு முன்னால் விரிந்தது. உதயரூபன் பொரியை அள்ளி நிறையப் போட்டான். கொஞ்சம் கீழே சிந்தியது. அழாமல் இருப்பதில் அவன் கவனம் எல்லாம் போயிருந்தது.

அந்தப் பெட்டியை அம்மா திருப்பிக் கொடுக்கவில்லை. புதுப் பையோடுதான் பயணம். தோஹாவில் இறங்கிய அன்று அவன் தன்னுடைய சொந்தக் கட்டிலைப் படமெடுத்து அனுப்பினான், பன்னிரண்டு பேரின் உடுப்புகளும் தொங்க. பழைய படம் செருகியிருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது.

ஒவ்வொரு நாளும் அவன் வேலை முடிந்து வர அம்மா போன் எடுப்பார். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

“இண்டைக்கு எத்தின ஹோல்ட்டுடா மனே?”

முன்பென்றால் ஒன்றுமில்லை என்பான். இப்போது கையைத் திருப்பிப் பார்த்து எண்ணிச் சொல்கிறான்.