இரண்டு மன்றாட்டுகளுக்கு நடுவே

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது இது. "சித்தி, நீங்களே எழுதுங்கோ. ஐ கான்ட்," என்று அக்காவின் மகள் அனு சொல்லிவிட்டாள். அக்கா இருந்திருந்தால் என்னை எழுத விட்டிருக்க மாட்டார். தானே எழுதித் தந்து, "இதை அப்பிடியே வாசி" என்றிருப்பார்.

அக்கா நல்லூரில் பிறந்தார். எங்கள் வீட்டுக்கு மூத்தவர். ஞாயிறு பள்ளியில் வேத வினாவிடை முழுவதையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். எனக்குப் பதில் வராத நாட்களில் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்று வாயசைத்துக் காட்டுவார். அந்த வழியில் நானும் சில பரிசுகள் வாங்கியிருக்கிறேன். கேள்வி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கீழே பதில் அச்சடித்திருக்க வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். பின்னாளில் அவர் ஆசிரியரானதில் எவருக்கும் ஆச்சரியமில்லை.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், அதற்கு நேர்மாறு. சத்தமில்லாத மனிதர். பாடகர் குழுவில் மட்டும்தான் அவருடைய குரல் கேட்கும். போரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வன்னிக்கு இடம்பெயர்ந்தபோது அனு கைக்குழந்தை. ஒரு நாள் பின்னேரம், "பிள்ளைக்குப் பால்மா வாங்கிக்கொண்டு வாறன்" என்று சைக்கிளில் போன அத்தான் திரும்பி வரவில்லை. கண்டவர்கள் யாருமில்லை. உடலும் கிடைக்கவில்லை. அக்கா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை, விசாரிக்காத முகாம் இல்லை.

பிறகு திருச்சியில் சில காலம், பிறகு மெல்பேர்ண். மல்கிரேவில் ஒரு சின்ன வாடகை வீடு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய அக்கா ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலைக்குப் போனார். அங்கே கால் கடுக்க நின்றுதான் அனுவை மருந்தாளராக்கினார். நான் சிட்னியில் பென்டில் ஹில்லில் இருந்துகொண்டு கிழமைக்கொரு தரம் தொலைபேசியில் அவரிடம் ஏச்சு வாங்கிக்கொள்வேன்.

அத்தானைப் பற்றி எங்கள் எல்லோரிடமும் அக்காவுக்குச் சொல்லப் பதில் இருந்தது. "எங்கையோ உயிரோட இருப்பார், நம்பிக்கையை விடாதையுங்கோ" என்பார்கள் சிலர். "எத்தினை வருசம்? ஒரு ஆராதனையை வைச்சு மனதை ஆத்துங்கோ" என்பார்கள் வேறு சிலர். கழுத்தில் தாலி கிடப்பதைப் பார்த்துத் தங்களுக்குள் குசுகுசுத்தவர்களும் உண்டு. அக்கா எல்லோருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். அத்தானுக்காக எப்படி வேண்டிக்கொள்வது, உயிரோடிருப்பவராகவா, போய்ச் சேர்ந்தவராகவா என்பது அவருக்குள்ளேயே கிடந்தது. என்னிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அக்கா தன் அங்கிலிக்கன் ஆலயத்தின் புதன்கிழமை வகுப்புக்குப் போகத் தொடங்கினார். பெரியவர்களுக்கான கலந்துரையாடல் அது. மண்டபத்தில் வட்டமாகக் கதிரை போட்டு, தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வேதப் பகுதியையோ புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தையோ பேசுவார்கள். நடத்துபவர் கேட் என்ற பெண் குருவானவர். தன்னைப் பெயர் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிட வேண்டும் என்பார். குருவானவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் ஆட்களுக்கு நா எழுமா? "மிஸ்" என்று அக்கா ஆரம்பித்துவைக்க, வகுப்புக்கு வரும் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் அவர் மிஸ் ஆனார்.

அடுத்த வாரத்துக்கான கேள்விகளை மிஸ் முன்கூட்டியே கொடுத்தனுப்புவார். யோசித்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான் அதன் பொருள். எங்கள் அக்கா அதைப் பரீட்சைத்தாள் என்று எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரருக்கு முன்னால் எங்கள் ஆட்கள் தலைகுனியக் கூடாதே! செவ்வாய் பின்னேரம், அதே வகுப்புக்கு வரும் தன் தோழி ராணி அக்காவுக்கும் மற்றத் தமிழ்ப் பெண்களுக்கும் வரிசையாகத் தொலைபேசி எடுத்து, ஆங்கிலத்தில் பதில் சொல்லி எழுதுவித்து, திருப்பிச் சொல்லவும் வைத்தார். புதன்கிழமை காலையில் வட்டத்தைச் சுற்றி எங்கள் பெண்கள் எல்லோரும் ஒரே பதிலை, ஒரே வசனத்தில், ஒரே ராகத்தில் ஒப்புவித்தார்கள். மிஸ் கேட்டு முடித்துவிட்டு, "மிக நல்ல பதில். ஆனால் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். எங்கள் பெண்கள் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு அக்கா பதில் எழுதுவிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த தொலைபேசி இன்னும் காதில் நிற்கிறது.

"எடியே, பதில் பிழையெண்டால் பிழையெண்டு சொல்லவேணும். சரியெண்டால் சரியெண்டு சொல்லவேணும். இவ என்னடாவெண்டால் நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் எண்டு கேக்கிறா. நான் நினைக்கிறதைச் சொல்லவோ பஸ் பிடிச்சுப் போறன்?"

"அப்ப இனிப் போகமாட்டியளோ?"

"ஏன் போகாமல்? அந்தக் கதையை முடிக்கவேணும் நான்."

கதை முடியவில்லை. அக்கா ஒவ்வொரு புதனும் போனார். பதில் எழுதுவிப்பதைக் குறைத்தார் என்று ராணி அக்கா சொல்கிறார், நிறுத்தினார் என்று சொல்லவில்லை. வட்டத்தில் யாராவது மிஸ் சொன்னதை மறுத்துப் பேசினால் அக்கா முதலில் பதறுவார். பிறகு அதை என்னிடம் சொல்லி ரசிப்பார். "ஐயரோட சண்டை பிடிச்சுப்போட்டு, அவவின்ர கையால தேத்தண்ணியும் வாங்கிக் குடிச்சிட்டுப் போகுதுகள்!" எங்கள் ஊரில் குருவானவரை ஐயர் என்போம்.

ஒரு லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாட்களில், வகுப்பின் பொருள் ஜெபம். ஜெபிக்கக் கடினமாக இருப்பது எது என்பது கேள்வி. அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. சுகமில்லையாக்கும் என்று ராணி அக்கா பயந்துவிட்டார். மறுநாள் தன் முறை வந்தபோது அக்கா எழுந்து நின்றார். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு எனக்கு அதைத் தமிழில் சொன்னது இப்படி.

"மிஸ், ஞாயிற்றுக்கிழமையில முதல் உயிரோட இருக்கிறவைக்காக மன்றாடுறீங்கள். பிறகு இறந்தவைக்காக மன்றாடுறீங்கள். என்ர மனுசன்ர பெயரை நான் எதில சொல்லுறது?"

அந்த ஆலயத்தில் அத்தனை ஞாயிறும் இரண்டு இடத்திலும் அக்கா வாய் திறக்காமல், கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ராணி அக்காவுக்கே அது அப்போதுதான் விளங்கியது.

மிஸ், "எனக்குத் தெரியாது" என்றார். எழுந்து வந்து அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஐயர் ஒராள் தெரியாது எண்டு சொன்னதை நான் இண்டைக்குத்தான் கேட்டனான்," என்றார் அக்கா என்னிடம். குரலில் கோபம் இல்லை. "எல்லாரும் எனக்குப் பதில் சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டினம். இவ தெரியாதெண்டு சொல்லிப்போட்டுப் பக்கத்தில இருந்தவ."

அடுத்த ஞாயிறு முதலாவது மன்றாட்டு முடிந்ததும் மிஸ் இரண்டாவதைத் தொடங்கவில்லை. "எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாதவர்களுக்காக" என்று சொல்லிவிட்டு மௌனமாக நின்றார். அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி அத்தானின் பெயரைச் சொன்னார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஓர் ஆலயத்துக்குள் அந்தப் பெயர் கேட்டது. பின்வரிசையிலிருந்து, ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி ஒருவர் வீட்டை விட்டுப் போய்த் தொடர்பே இல்லாத தன் மகனின் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஆலயத்தில் இரண்டு மன்றாட்டுகளுக்கும் நடுவே ஒரு மௌனம் உண்டு.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அக்கா புதன்கிழமையை விடவில்லை. நடக்க முடியாமல் போனதும் வகுப்பே மருத்துவமனைக்கு வந்தது. கட்டிலைச் சுற்றிக் கதிரை போட்டுக்கொண்டு பேசினார்கள். நான் சிட்னியிலிருந்து வந்திருந்த ஒரு நாள், எல்லோரும் போன பிறகு அக்கா என் கையைப் பிடித்தார்.

"எடியே, இனி எனக்குத் தெரிஞ்சிடும், அவருக்கு எந்த மன்றாட்டு எண்டு."

"தெரிஞ்சால் எங்களுக்கு எப்பிடியக்கா சொல்லுவியள்?"

"அதுதானே! பதில் தெரிஞ்சும் உனக்குச் சொல்லித்தர ஏலாமல் போகப்போகுது," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வெளியே போய் அழுதேன்.

அக்காவைப் பெட்டியில் வைக்கும்போது தாலியைக் கழற்றுவதா என்ற பேச்சு வந்தது. "லீவ் இட், சித்தி," என்றாள் அனு. அத்தோடு பேச்சு நின்றது.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், வேளைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த ராணி அக்கா, இறுதி ஆராதனைக்குத் தூரம் பாராமல் வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புதன்கிழமை வட்டத்துக்கும் மிஸ்ஸுக்கும் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் அக்காவுக்குப் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருந்தீர்கள்.

ஓராண்டு நினைவு ஆராதனையில் அக்காவின் பெயர் இரண்டாவது மன்றாட்டில் வரும். அதற்கு முன்னால் வரும் மௌனத்தில், முகம் நினைவில்லாத தன் அப்பாவின் பெயரை அனு சொல்லுவாள். அக்கா பரலோகத்தில் அவரைக் கண்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. இத்தனை காலம் இரண்டு மன்றாட்டுகளுக்கும் நடுவே அத்தானோடு அக்கா தனியாக நின்றார். இனி நாங்கள் நிற்கிறோம். உங்களிடமும் அப்படி ஒரு பெயர் இருந்தால் அப்போது வாய் விட்டுச் சொல்லுங்கள். பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அன்புத் தங்கை,
பென்டில் ஹில், சிட்னி