கம்பியில்லாத ஜன்னல்

ஹாங்காங்கில் ஹெர்மினியாவுக்கு அது மூன்றாவது வீடு. பிலிப்பைன்ஸில் இலோயிலோ ஊர்ச் சந்தையில் மீன் விற்றவள், எதற்கும் எளிதில் அசராதவள். ஆனால் பெட்டியோடு வந்த அன்றே, லிஃப்டில் பார்த்த லோய்டா அவளைப் பயமுறுத்திவிட்டாள். லோய்டா அதே கட்டடத்தில் வீட்டுவேலை செய்யும் மூத்தவள்.

"நம்ம ஊரா? எந்த வீட்டுக்கு வந்திருக்க?"

"இருபத்து மூணாவது மாடிக்கா. லாவ் மேடம் வீடு."

லோய்டாவின் முகம் சுருங்கியது. சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னக்கா, பேய் கீய் இருக்கா?"

"பேய்னா ஜெபம் சொல்லி ஓட்டிரலாம்டி. ஞாயித்துக்கிழமை பாலத்துக்கடியில வா, சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் ஊர்ப் பெண்கள் கூடும் மேம்பாலத்துக்கடியில் அட்டை விரித்து உட்கார்ந்து, சேமியாவைப் பங்கு போட்டபடி லோய்டா சொன்னாள்: "உனக்கு முன்னாடி இருந்தவ பேரு நெலியா. நல்லாப் பாடுவா. ஜன்னலோட வெளிப்பக்கம் தொடைக்கப் போனா. நான் காய்கறி வாங்கிட்டுத் திரும்புறேன், வாசல்ல நீலப் போர்வை போட்டு மூடியிருக்காங்க."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"அவளாத்தான் குதிச்சாளாம். ஈரத்துணியைக் கையில பிடிச்சுக்கிட்டா ஒருத்தி குதிப்பா?"

ஹெர்மினியா சேமியாத் தட்டைக் கீழே வைத்தாள்.

லாவ் மேடம் கொடுமைக்காரி அல்ல. குளிருக்குக் கம்பளிச் சட்டை கொடுத்தாள். இருமினால் இஞ்சித் தேநீர் போட்டுத் தந்தாள். அந்த அன்புதான் ஹெர்மினியாவை இன்னும் பயமுறுத்தியது. வரவேற்பறை ஜன்னலுக்கு மட்டும் கம்பி இல்லை. அதன் பக்கம் போகும்போதெல்லாம் சுவரை ஒட்டியே நடந்தாள்.

சீனப் புத்தாண்டுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஒரு காலையில் மேடம் வாளியையும் துணியையும் கொண்டுவந்து வைத்தாள்.

"பழைய வருஷத்து அழுக்கு வீட்ல இருக்கக் கூடாது. வெளிக் கண்ணாடியத் தொடைச்சிரு."

"கம்பி இல்லீங்களே மேடம். உள்பக்கம் நல்லாத் தொடைச்சிடறேன்."

"முன்னாடி இருந்த பொண்ணு பளபளன்னு வச்சிருந்தா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுனதில்ல."

"நெலியா தானுங்களே?"

மேடத்தின் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. அந்தப் பெயர் வீட்டுக்குள் எங்கோ ஒளிந்திருந்ததுபோல அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரல் உயர்த்தாமலே சொன்னாள்: "பெட்டியைக் கட்டிக்க."

வேலை பிடித்துத் தரும் நிறுவனத்தின் விடுதியில் ஹெர்மினியா தங்கியிருந்தபோது ஜெனலின் வந்து இறங்கினாள். முதல்முறை கடல் தாண்டியவள், கன்னத்தில் குழி விழச் சிரிப்பாள். அவள் போகப்போவது லாவ் மேடம் வீடு என்று தெரிந்ததுமே ஹெர்மினியா அவளை மூலைக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"போங்கக்கா, நான் தென்னமரம் ஏறுனவ!"

"ஏய், சிரிக்காத. முடியாதுன்னு சொல்லு. அனுப்பினா அனுப்பட்டும்."

"வந்தவுடனே திரும்பிப் போனா ஊருல என்ன பேசுவாங்க?" சொல்லும்போது அந்தப் பெண் சிரிக்கவில்லை.

ஹெர்மினியாவுக்கு துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் வேறு வீடு கிடைத்தது. ஜெனலின் ஞாயிறுதோறும் பாலத்துக்கடியில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் "இன்னும் கேக்கலக்கா" என்று சொல்லிக் கண்ணடிப்பாள். புத்தாண்டுக்கு முந்தின ஞாயிறு அவள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஹெர்மினியாவும் லோய்டாவும் எழுந்து, அந்தக் கட்டடத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

வாசலில் போர்வை இல்லை. மூச்சு வந்தது. அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த உயரத்தில் ஒரு சின்ன உருவம் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, முதுகை வெளியே வளைத்துக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. லோய்டா கத்த வாய் திறந்தாள். ஹெர்மினியா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். சத்தம் கேட்டால் அந்தப் பிள்ளை குனிந்து பார்த்துவிடும்.

இருவரும் அசையாமல் நின்றார்கள். கடைசியில் உருவம் உள்ளே சரிந்தது. ஜன்னல் மூடியது.

லோய்டா தரையில் உட்கார்ந்து அழுதாள். ஹெர்மினியா மட்டும் பார்வையை இறக்கவில்லை. அதற்கு மேல் மாடியில் இன்னொரு ஜன்னல் திறந்தது. துணி பிடித்த ஒரு கை வெளியே நீண்டது.