லாரி நிழலில் படுத்த வாத்து

அந்த வாத்தை நாங்கள் வாங்கியது சாப்பிடத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு என்னைப் பெரிய ஜீவகாருண்யவாதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு பட்டறையில் நான் ஸ்டோர் கீப்பர். பட்டறை யார்டை ஒட்டியே எங்கள் கேம்ப். ரூமில் ஆறு பேர், எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். போன வருடம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்ததும் பறவைச் சந்தைக்குப் போய் இந்த வாத்தை வாங்கி வந்தோம். மறுநாள் லீவு, வறுத்துச் சாப்பிடுவதாக ஏற்பாடு. மிளகு கூட இடித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் ரூம் வெல்டருக்கு ஊரிலிருந்து மனைவி போன் செய்தார். விடிந்தால் புரட்டாசி, எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்றார். காலண்டரைப் பார்க்காமல் உயிரோடு வாத்து வாங்கிவந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்படித்தான் அதற்கு ஒரு மாதத் தவணை கிடைத்தது. ஒரு மாதம் சோறு போட்டு வளர்த்த பிறகு யாருக்குக் கத்தியை எடுக்க மனசு வரும்? ஐப்பசி பிறந்த அன்று வாத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கடையில் கோழி வாங்கிச் சமைத்தோம்.

வளர்த்தது வெல்டர்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்குகிறவர், என்னை அண்ணே என்று கூப்பிடுவார். நீல பிளாஸ்டிக் ட்ரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, விளிம்பு கிழிக்காதபடி தேய்த்துத் தொட்டி செய்து வைத்தார். ஆபீஸ் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அதில் விழுமாறு ஒரு குழாயும் போட்டார். வெல்டிங் முகமூடியை அவர் மேலே தூக்கினால் போதும், யார்டின் எந்த மூலையில் இருந்தாலும் வாத்து ஆடி ஆடி வந்துவிடும். வீடியோ காலில் அவருடைய சின்னப் பெண் முதலில் வாத்தைக் காட்டச் சொல்லுவாள். அப்பா முகத்தைப் பிறகுதான் பார்ப்பாள். "ஒனக்கு அந்த வீட்ல ரெண்டாவது எடந்தான்யா" என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

இந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய மாதம் அது. மத்தியானங்களில் வாத்து, நிற்கிற லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வண்டியை எடுக்கும் முன் குனிந்து பார்த்து, அதை விரட்டிவிட்டு, பிறகுதான் சிக்னல் கொடுக்க வேண்டும் என்பது யார்டில் எங்களுக்குள் இருந்த பழக்கம். சிக்னல் என்பது வேறொன்றும் இல்லை. லாரியின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் பின்னால் வா. ஒரு தட்டு என்றால் நில். இன்ஜின் சத்தத்தில் வேறு எதுவும் டிரைவர் காதில் விழாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் லாரியை ஒட்டி நின்று, இறக்கிப் போட்ட பைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வீட்டிலிருந்து போன். மகளுக்கு எந்தக் காலேஜ் என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். என் கோபம் ஊரறிந்தது. நான் இல்லாத வீட்டில் நான் சொல்லாமல் எதுவும் நடந்துவிடக் கூடாது என்று நினைக்கிற ஆள் நான். "அப்ப நான் எதுக்குடி இங்க கெடந்து சாகுறேன்?" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் இருந்த தகட்டில் ஓங்கி அடித்தேன். ஒன்று, இரண்டு.

லாரி பின்னால் வந்தது.

வாத்து கத்தவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பின்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு இறக்கையை விரித்தபடி, தலையைத் தூக்கி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் நசுங்கியிருந்தது. வெல்டர் கையுறையைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்து அதை எடுத்தார்.

லாரி டிரைவர் பெஷாவர்க்காரர், எங்களுக்கெல்லாம் பாய். இறங்கி வந்து என்னைப் பார்த்து, நீதானே இரண்டு தட்டுத் தட்டினாய் என்று ஹிந்தியில் கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். யோசித்துச் செய்ததில்லை, தலை தானாக ஆடியது. அவர் மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்து ரூமில் யாரும் அவருக்குச் சலாம் சொல்லவில்லை.

அவர்தான் முதலில் வழியும் சொன்னார். "கலாஸ் கர் தோ பாய்" என்றார். முடித்துவிடுங்கள், நானே செய்கிறேன், அது அனுபவிக்கிற வேதனை பாவம் என்றார். அடித்ததும் போதாது, அறுக்கவும் வருகிறானா என்று ரூமில் ஒருவர் தமிழில் திட்டினார். நான்தான் முந்திக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். எல்லோரும் என்னை நல்லவன் என்று பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு அப்போது தேவைப்பட்டது.

வெல்டருக்கு அன்று வேலையை விட்டு வர முடியாது. அட்டைப்பெட்டியில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, வாத்தை வைத்து, நான் மட்டும் முவைலா பக்கம் இருந்த ஒரு மிருக ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போனேன். மலையாளி டாக்டரம்மா. பூனைகளோடு காத்திருந்தவர்களை விட்டுவிட்டு என்னை முதலில் கூப்பிட்டார். வாத்தின் கால்விரலைக் கிள்ளினார், அது அசையவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"இது இனி நடக்காது. முதுகெலும்பு போயி. உள்ளேயும் ரத்தம் உண்டு. ஒரு இன்ஜெக்‌ஷன் போட்டா வேதனையில்லாம உறங்கிப் போகும்."

"வேற ஒண்ணும் பண்ண முடியாதாம்மா?"

"என்டெ வாத்தானெங்கில் ஞான் இன்னிக்கே செய்யும்" என்றார். தன் வாத்தாக இருந்தால் இன்றைக்கே முடித்துவிடுவாராம். ஒரு ஃபாரத்தை என் முன்னால் வைத்தார். உரிமையாளர் கையெழுத்து என்று இருந்த இடத்தைக் காட்டினார்.

நான் போடவில்லை. வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் எழுதிக் கொடுத்தார். வாத்து செத்தால் நான் கொன்றதாகிவிடும், பிழைத்தால் ஒன்றுமே நடக்காததாகிவிடும். என் மனதில் ஓடியது அவ்வளவுதான். அதன் வலி அந்தக் கணக்கில் வரவே இல்லை.

கேம்ப் வாசலில் வெல்டர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"பாத்துக்கலாம்னாங்க. மருந்து குடுத்துருக்காங்க."

"பொழச்சிக்குமா?"

"வாய்ப்பு இருக்குன்னாங்க."

இந்த வாய்ப்பை நான் என் வாயால் உண்டாக்கினேன். அதை நம்பி அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த நாள் ஃபோர்மேனிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கினார். சோற்றைக் கஞ்சியாகக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக அலகில் விட்டார். பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும், துடைத்துவிடுவார். நனைத்த துணியை அதன் இறக்கை மேல் போட்டார். எறும்பு வராமல் பெட்டியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுத்தார். மகளிடம் போனில், வாத்துக்குக் காய்ச்சல், தூங்குது என்றார். நான் மருந்து நேரத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டு, பக்கத்திலேயே அக்கறையாக நின்றேன்.

வியாழக்கிழமை அது கழுத்தைத் தூக்குவதை நிறுத்தியது. வெள்ளிக்கிழமை காலை வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பு முழுதும் குலுங்கியது. நாற்றமும் வந்துவிட்டது. வெல்டர் அப்போதும் துணியை நனைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு நாளு பாத்தா தெளிஞ்சிரும்லண்ணே?" என்று கேட்டார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், அன்று விடுமுறை. பள்ளிவாசலிலிருந்து பாய் திரும்பி வருவதற்காக கேட்டில் போய் நின்றேன்.

வந்தவரிடம், அன்று தட்டியது நான்தான் என்று சொன்னேன். கோபத்தில் தட்டினேன், நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன் என்றேன். அவர் பெரிய மனது பண்ணி என் தோளைத் தட்டிக்கொடுக்கவெல்லாம் இல்லை. "பெஹ்லே போல்னா தா" என்றார். முன்பே சொல்லியிருக்க வேண்டும். பிறகு கத்தியை எடுத்துவந்து கழுவினார். இனிப் பிழைக்காது என்று மட்டும் வெல்டரிடம் சொல்லி, நான் பெட்டியைத் தூக்கி வந்தேன். வேறு யாரையும் கூப்பிடாமல் என்னையே பிடிக்கச் சொன்னார். இறக்கைகளைச் சேர்த்து என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அதன் சூடு சட்டைக்குள் வந்தது. அவர் இறைவன் பெயரைச் சொன்னார். ஒரு நொடி வேலை. மூன்று நாளாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு நொடியைத்தான்.

முறைப்படி அறுத்தது, தின்னலாம் என்று பாய் சொல்லிப் பார்த்தார். யாருக்கும் அது தேவைப்படவில்லை. காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் மணலில் வெல்டர் குழி வெட்டினார். வாத்தை உள்ளே வைத்த பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டியது, பாயின் மேல் பழி போகட்டும் என்று விட்டது, டாக்டரம்மா அன்றைக்கே முடித்துவிடச் சொன்னது, நான் கையெழுத்துப் போடாமல் வந்தது. மண்வெட்டியை ஊன்றி நின்று முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"தட்டுனது தெரியாம நடந்ததுண்ணே. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு, "மூணு நாளு கெடந்து தவிச்சுச்சே. அது தெரிஞ்சுதான?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அவர் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். நான் மண்வெட்டிக்குக் கையை நீட்டினேன். தரவில்லை.