எல்லாரும் எனக்காகப் பேசினார்கள்

எங்கள் வீட்டில் டாக்டரிடம் யாரும் தனியாகப் போனதில்லை. ஒருவருக்குப் பல்வலி என்றால் வீடே கிளம்பும். போனால் சும்மா உட்கார மாட்டோம். எந்தப் பல், எப்படி வலிக்கிறது என்பதையும் கூடப் போனவர்களே சொல்லிவிடுவோம்.

என் முதல் குழந்தை, பெண், பிறந்த வாரத்திலேயே இறந்துபோன வருடம் அது. மாதங்கள் ஆகியும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வீட்டில் அவளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் பேச்செடுத்தாலே வேறு எதற்காவது மாற்றினார்கள். யாரிடமாவது அவளைப் பற்றிப் பேசிவிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் விழுப்புரத்தில் கவுன்சிலிங் கொடுக்கும் ஒரு மேடத்திடம் போக ஒப்புக்கொண்டேன்.

திண்டிவனத்தில் பஸ் ஏறப் போனால் கணவர், அம்மா, நாத்தனார் மூவரும் தயாராக நிற்கிறார்கள். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் நாத்தனார் பக்கத்து சீட்டுக்காரியிடம் என் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடம் என்னைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"சரியா சாப்பிட மாட்டேங்கறா மேடம்," என்றார் அம்மா.

"தூக்கம் வருதா?"

"ராத்திரி பூரா பொரண்டுக்கினே இருக்குறா," என்றார் கணவர்.

"எதையாவது யோசிச்சிக்கினே இருந்தா எப்படி வரும்? ஒரு ஊசி போட்டு ஜல்தியா சரி பண்ணி வுடுங்க மேடம்," என்றார் நாத்தனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் யாராவது முந்திக்கொண்டார்கள். என்னை எதற்குக் கூட்டி வந்தார்கள் என்றே தெரியவில்லை. இந்த மேடமாவது இவர்களை வெளியே உட்காரச் சொல்லக் கூடாதா? அவர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் மேலும் எரிச்சல் வந்தது.

பிறகு அவர் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?"

அதுவரை ஓயாமல் பேசிய அம்மா, மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். மேடம் காத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாவுக்கு என்ன மேடம், நல்லாத்தான் இருக்காங்க," என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். நானும் இந்த வீட்டுக்காரிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தனை மாதத்தில் அம்மாவிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. இறந்தது அவருக்குப் பேத்தி.

"நல்லா இல்லடி," என்றார் அம்மா, பையைப் பார்த்துக்கொண்டே. "மொகம் அப்படியே ஒன்ன மாதிரி இருந்திச்சி. சொன்னா நீ அழுவியேன்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

நாத்தனார் ஏதோ சொல்ல வந்தார். கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். அறையில் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"மூக்கு மட்டும் இவரோடதும்மா," என்றேன்.