எடை மேடையில் அண்ணன் லாரி

எண்ணெய் ஆலையின் வாசலில் பதினாலு வருடமாக எடை போடுகிறவளுக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் தராசுக்காரி. வம்பு பேசினால் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள். வேலையில் மட்டும் யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டாள். எடை போடுவதோடு, வரும் எண்ணெய்ப்பனைக் குலைகள் எந்தத் தோட்டத்தில் விளைந்தவை என்று பார்ப்பதும் அவள் பொறுப்பு. காட்டை அழித்து நட்ட தோட்டத்துப் பழத்தை வாங்க மாட்டோம் என்று வாசலில் ஆளுயரப் பலகை வைத்திருக்கிறது கம்பெனி. அதைக் கடைசி வரிவரை படித்தவள் அநேகமாக அவள் ஒருத்திதான்.

அன்று காலை மேடையில் ஏறி நின்றது அவளுடைய அண்ணனின் லாரி. அவன் நீட்டிய சீட்டில் குடும்பத் தோட்டத்தின் பெயர் இருந்தது. அப்பா இருவர் பேரிலும் எழுதி வைத்த தோட்டம் அது. இருபது வயது மரங்கள். ஒரு குலையைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். லாரியிலோ, ஒற்றைக் கையால் தூக்கிப் போடக்கூடிய குட்டிக் குலைகள். மூன்று நான்கு வயது மரம்தான் அப்படிக் காய்க்கும்.

"அண்ணே, இது எங்க பறிச்சது?"

"நம்ம தோட்டம்தான். சீட்டைப் பாரு."

"நம்ம மரம் இவ்வளவு சின்னதா காய்க்காது. ஆத்தோரக் காடு தானா எரிஞ்சுதுன்னு சொன்னியே, அங்கயா நட்ட?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "ஊரே பண்ணுது. நான் மட்டும் என்ன பெரிய குத்தம் பண்ணிட்டேன்?"

நான்கு வருடமாக அவன் சொன்னதை நம்பியிருக்கிறாள். காட்டை எரித்ததைவிட அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

லாரிகள் தேங்குவதைப் பார்த்து மேனேஜர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பழம் நாளைக்குள்ள கெட்டுப்போயிடும்மா. உள்ள பாய்லர் சும்மா கிடக்கு. சொந்த அண்ணன்தானே, விட்டுடேன்" என்றார்.

"அந்தப் பலகையக் கழட்டச் சொல்லுங்க சார், விட்டுடறேன்."

மேனேஜர் பலகையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அண்ணன் லாரியிலிருந்து இறங்கி எடை அறையின் ஜன்னலருகே வந்தான். "நீ திருப்பி அனுப்பினா தோட்டத்தையே பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. நல்ல மரத்துப் பழமும் உள்ள வராது. அதுல பாதி உன்னோடது. உன் பொண்ணு படிப்பு அதுலதான் ஓடுது, மறந்துட்டியா?"

எப்படி மறப்பாள்? மகளுக்குக் கல்லூரியில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. இந்தச் சம்பளம் மட்டும் எந்த மூலைக்கு? பயமாகத்தான் இருந்தது. அவள் சீட்டைத் திரும்பவும் எடுப்பதை அண்ணன் பார்த்தான். ஒரு நிமிடம் அவன் முகத்தில் நம்பிக்கைகூட வந்துவிட்டது.

அவள், ஆலைக்குப் பழம் தரும் தோட்டக்காரர்களின் பட்டியலை இழுத்து வைத்தாள். அந்தத் தோட்டத்துக்கு நேரே இரண்டு பெயர்கள். முதலில் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தாள்.

"லாரியப் பின்னால எடுண்ணே. அடுத்த வண்டி நிக்குது."